மானியச் சொட்டுநீர் செட்: டியூபுக்கு நல்ல மார்க், கிணற்றுக்கு?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் எந்தத் தோட்டத்துக்குள் போனாலும் கறுப்பு டியூப் காலில் இடறும். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று அரசு மானியம் இருப்பதால், சொட்டுநீர் செட்டை இன்று கடையில் விலை பேசி வாங்குபவர்கள் குறைவு. விண்ணப்பம் போட்டு வாங்குபவர்களே அதிகம். கைக்காசு போகாத பொருளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கம்பெனி ஆள் வந்து விரித்துவிட்டுப் போவார், போட்டோ எடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், முடிந்தது.

இந்த மதிப்பீடு எந்த ஒரு கம்பெனியையும் பற்றியதில்லை. அங்கீகாரப் பட்டியலில் இருக்கும் கம்பெனிகள் எல்லாம் கொடுக்கிற சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். செட், அதைப் போட்டுத் தருகிற சேவை, அது தீர்ப்பதாகச் சொல்லப்படும் வறட்சி, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாசனக் கருவியாக இது ஐந்துக்கு நான்கு. வறட்சிக்கு மருந்தாக இரண்டைத் தாண்டாது, அந்தக் குறையில் பெரும்பங்கு டியூபுடையதும் இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

பிவிசி மெயின், சப்மெயின், அவற்றைப் பிரிக்க பால் வால்வு, ஒவ்வொரு சப்மெயின் முனையிலும் ப்ளஷ் வால்வு, மேட்டில் ஏர் வால்வு, ஒரு பில்டர், அதற்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ், உரம் விட வென்சூரி, பிறகு 16 அல்லது 12 மில்லிமீட்டர் டியூப். தென்னை, மா போன்று இடைவெளி விட்டு நடும் பயிருக்கு டியூபின்மேல் குத்தும் ஆன்லைன் டிரிப்பர், அதாவது சொட்டு விடும் முனை. மஞ்சள், காய்கறி, கரும்புக்கு உள்ளேயே டிரிப்பர் பதித்த இன்லைன் டியூப்.

விரிக்கும் முன் டியூபில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இந்தியத் தர எண் இருக்க வேண்டும்: இன்லைன் டியூபுக்கு ஐஎஸ் 13488, சாதா டியூபுக்கு ஐஎஸ் 12786, தனி டிரிப்பருக்கு ஐஎஸ் 13487, பிவிசி பைப்புக்கு ஐஎஸ் 4985. எண் அழிந்திருந்தாலோ, ஒரே சுருளில் பாதி பளபளப்பாகவும் பாதி மங்கலாகவும் இருந்தாலோ திருப்பி அனுப்புங்கள். டியூபைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி விடும்போது பழைய வடிவத்துக்கு வராமல் பள்ளமாகவே நின்றால், மூன்றாவது கோடையில் வெடிப்பு விழும் என்று எதிர்பார்க்கலாம்.

செட்டில் பெரும்பாலும் வராத ஒரு சாமான் இருக்கிறது: தண்ணீர் மீட்டர். ஒரு ஏக்கருக்கு எத்தனை டிரிப்பர் என்று எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக எத்தனை லிட்டர் போனது என்று பார்க்க வழி இல்லை. இதைப் பற்றிக் கீழே நிறையப் பேச வேண்டியிருக்கும்.

தண்ணீரை அளக்காமல் போட்ட டிசைன்

செட் சரியாக வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் டியூபின் குற்றம் கொஞ்சம்தான். பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றில், அதாவது போரில், வரும் தண்ணீருக்கும் ஒரே நேரத்தில் திறக்கும் பகுதியான செக்‌ஷன் அளவுக்கும் பொருத்தம் இருக்காது.

கணக்கு எளிது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஐந்தடிக்கு ஒரு டியூப் என்றால் 8,712 அடி டியூப் ஓடும். இரண்டடிக்கு ஒரு டிரிப்பர் என்றால் 4,356 டிரிப்பர். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் விட்டால், ஏக்கர் முழுவதற்கும் மணிக்கு 17,424 லிட்டர் வேண்டும். இப்போது 200 லிட்டர் டிரம் ஒன்றை டெலிவரி பைப் அடியில் வைத்து நேரம் பாருங்கள். 60 விநாடியில் நிறைந்தால் உங்கள் போர் மணிக்கு 12,000 லிட்டர் தருகிறது. அந்தத் தண்ணீரில் முழு ஏக்கரையும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் எழும்பாது. முதல் வரிசை நனையும். கடைசி வரிசை வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு செக்‌ஷனாகப் பிரித்தால் ஒன்றுக்கு 8,712 லிட்டர், போதும். அல்லது தொடக்கத்திலேயே மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் கேட்டு வாங்கினால் முழு ஏக்கரும் அதே 8,712 லிட்டரில் ஓடும். குறைந்துகொண்டே போகிற போருக்கு 2 லிட்டர் டிரிப்பர்தான் புத்திசாலித்தனம். அதன் வழி சிறியது, சீக்கிரம் அடைக்கும், பில்டரில் கவனம் கூடுதலாக வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதை வாங்க வேண்டும்.

டிரம் சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, கிணறு நிறைந்திருக்கும் தையில் அளந்து போட்ட டிசைன் சித்திரையில் படுத்துவிடும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ, மோட்டார் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அளந்தது எவ்வளவோ, அதுவே உங்கள் தண்ணீர். போட்ட உடனே வருகிற முதல் பத்து நிமிடத் தண்ணீர் போரின் குழாயில் தேங்கி நின்றது. அதை நம்பிச் செக்‌ஷன் பிரிக்கக் கூடாது.

டிரிப்பர் வாயில் ஒரு கிலோ அழுத்தம், அதாவது 10 மீட்டர் தண்ணீர் உயரம், இருந்தால்தான் 4 லிட்டர் டிரிப்பர் 4 லிட்டர் விடும். அழுத்தம் பாதியானால் தண்ணீர் பாதியாகாது, 2.8 லிட்டர் வரும். சாதாரண டிரிப்பரில் வெளியேறும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் என்பதால் இப்படி. டியூபின் நீளத்துக்கும் இதே கதைதான். மேலே சொன்ன இரண்டடி, 4 லிட்டர் கணக்கில் 16 மி.மீ. டியூபைச் சமதரையில் 65 மீட்டர் வரை இழுக்கலாம். நூறு மீட்டர் இழுத்தால் கடைசிச் செடிக்கு ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். நிலம் மேடு பள்ளமாக இருந்தால் அழுத்தம் தாங்கிச் சீராக விடும் பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பர் கேளுங்கள். கேட்காமல் தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

பில்டர்: சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

ஸ்கிரீன் பில்டர் ஒன்றை மாட்டிவிட்டுப் போவதே பொதுவான வழக்கம். சுத்தமான போர்த் தண்ணீருக்கு 120 மெஷ் போதும். ஆனால் போரில் மணல் வந்தால் அதற்கு முன்னால் மணலைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் வேண்டும். திறந்த கிணறு, தொட்டி, குட்டைத் தண்ணீர் என்றால் பாசியை ஸ்கிரீன் நிறுத்தாது, சாண்ட் பில்டர் அல்லது டிஸ்க் பில்டர் கட்டாயம். கொங்குப் பகுதியில் பெரும்பாலும் போர்த் தண்ணீரைக் கிணற்றிலோ தரைத்தொட்டியிலோ விட்டு, அங்கிருந்து இரண்டாவது மோட்டாரில் டியூபுக்குத் தள்ளுகிறார்கள். விண்ணப்பத்தில் 'ஆழ்துளைக் கிணறு' என்று இருப்பதால் ஸ்கிரீன் பில்டர் வரும். உண்மையில் டியூபுக்குள் போவது பாசி பிடித்த தொட்டித் தண்ணீர். ஒரு வருடத்தில் செட் அடைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள கேஜ்களின் வித்தியாசம் 0.5 கிலோவைத் தொட்டால் கழுவ வேண்டும். கேஜ் உடைந்துபோய், 'தண்ணி கம்மியானா கழுவிக்கலாம்' என்று விட்ட தோட்டங்களில் வலை கிழிந்திருப்பதைக்கூட யாரும் கவனிப்பதில்லை. கிழிந்த வலை எப்போதும் நல்ல அழுத்தம் காட்டும்!

வருடம் ஒருமுறை ஒரு சோதனை

கையில் ஒரு அளவு ஜாடியும் செல்போனும் போதும். ஒரு செக்‌ஷனில் நான்கு டியூப்களைத் தேர்ந்தெடுங்கள்: சப்மெயினின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு டியூபிலும் முதல், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி என்று நான்கு டிரிப்பர். மொத்தம் 16. ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று நிமிடம் பிடியுங்கள். 4 லிட்டர் டிரிப்பர் மூன்று நிமிடத்தில் 200 மில்லி விட வேண்டும். பதினாறின் சராசரியை எடுங்கள்; மிகக் குறைவாக வந்த நான்கின் சராசரியைத் தனியே எடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.9-க்கு மேல் இருக்க வேண்டும். 0.8-க்குக் கீழே வந்தால், கடைசிச் செடியைக் காப்பாற்றுவதற்காக முதல் செடிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது சொட்டுநீரின் சிக்கனம் போயேபோச்சு.

அடைப்புக்குக் காரணம் சுண்ணாம்பா என்று பார்க்க, டிரிப்பர் வாயில் உள்ள வெள்ளைப் படிவத்தில் ஒரு சொட்டு ஆசிட் விடுங்கள், நுரைத்தால் ஆமாம். ஆழமான போர்களில் இதுதான் வழக்கம். மருந்தின் அளவை ஊகித்து ஊற்றாமல் இப்படிக் கண்டுபிடியுங்கள்: பிளாஸ்டிக் வாளியில் உங்கள் போர்த் தண்ணீர் 10 லிட்டர் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிடை மில்லி மில்லியாகச் சேர்த்து, பிஎச் தாள் 4 காட்டும்போது நிறுத்துங்கள். கடினத் தண்ணீருக்கு 8 மில்லி அளவுக்குப் பிடிக்கலாம். மணிக்கு 8,712 லிட்டர் ஓடும் செக்‌ஷனில் 15 நிமிடத்தில் 2,178 லிட்டர் போகும்; 10 லிட்டருக்கு 8 மில்லி வீதம் சுமார் 1.75 லிட்டர் ஆசிட். அதை வென்சூரி வழியாக அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் ஏற்றுங்கள். கடைசி டிரிப்பரிலும் பிஎச் 4 வந்ததும் மோட்டாரை நிறுத்தி, ஒரு நாள் விட்டு, டியூப் முனைகளைத் திறந்து கழுவி விடுங்கள். தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி வேண்டும். பாசிக்குப் போடும் ப்ளீச்சிங் பவுடரை ஆசிடோடு ஒரே நாளில் விடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

உரத்தில் ஒரே எச்சரிக்கை. கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட், சல்பேட் உரங்களையும் ஒரே தொட்டியில் கலந்தால் கண்ணெதிரே வெள்ளையாகத் திரியும், அது போய் உட்காருமிடம் டிரிப்பர். பொட்டாஷ் வெள்ளையாக இருக்கட்டும், சிவப்பில் இரும்பு. எலி, அணில், மயில், காட்டுப்பன்றி எல்லாம் டியூபைக் கடிப்பது பற்றிக் கம்பெனியிடம் கேட்டுப் பயனில்லை. கோடையில் அவற்றுக்கும் தாகம். தோட்டத்து மூலையில் ஒரு தொட்டியில் தண்ணீர் வைப்பவர்கள் மாற்றும் ஜாயின்டர் எண்ணிக்கை குறைவு.

மிச்சமான தண்ணீர் எங்கே போகிறது

விளம்பரப் பலகைகளில் 'பாதித் தண்ணீர் மிச்சம்' என்று எழுதியிருக்கிறது. வயலில் அது உண்மை. வாய்க்காலில் இழுத்துக்கொண்டு போவது, பாத்தி முழுக்க நனைந்து வெயிலில் காய்வது, களைக்குப் போவது எல்லாம் டியூபில் நிற்கிறது. ஆனால் அந்த மிச்சம் கிணற்றில் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. பெரும்பாலான ஊர்களில் நிற்பதில்லை.

வாய்க்காலில் விட்டபோது கீழே இறங்கியதில் ஒரு பகுதி மறுபடி நிலத்தடிக்கே போய்க்கொண்டிருந்தது. நிலத்தடி நீரைக் கணக்கெடுக்க நம் நாட்டில் பின்பற்றும் முறையில் இதற்கு அளவே கொடுத்திருக்கிறார்கள். கிணற்றுப் பாசனத்தில் நெல் தவிர்த்த பயிருக்கு, நீர்மட்டம் 10 மீட்டருக்குள் என்றால் பாய்ச்சியதில் 25 சதவீதம், 10 முதல் 25 மீட்டர் என்றால் 15 சதவீதம், அதற்கும் கீழே என்றால் 5 சதவீதம் திரும்பும். ஆகவே மேல்மட்டத்தில் தண்ணீர் இருக்கும் ஊரில் டியூப் மிச்சப்படுத்தியதாகக் காட்டுவதில் ஒரு பங்கு, பக்கத்துக் கிணற்றுக்குப் போக வேண்டியதுதான். ஆழ்போர் ஊர்களில் திரும்புவதே சொற்பம் என்பதால் அங்கே மிச்சம் நிஜம், பாசனப் பரப்பு கூடாமல் இருந்தால்.

பரப்பு கூடாமல் எங்கே இருக்கிறது? வாய்க்காலில் இரண்டு ஏக்கர் பாய்ந்த தண்ணீர் டியூபில் மூன்றரை ஏக்கர் பாயும் என்று தெரிந்ததும் மானாவாரிக் காடு தோட்டமாகிறது. சோளமும் நிலக்கடலையும் இருந்த இடத்தில் தென்னையும் வாழையும் வருகின்றன. விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கையில் தண்ணீர் மிச்சம் இருந்தால் யாரும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். முன்பு போரிலிருந்து எடுத்ததில் கொஞ்சம் வீணாகி, கொஞ்சம் திரும்பிப் போனது. இப்போது அதே அளவு எடுத்து, அத்தனையையும் பயிர் குடித்து ஆவியாக்கிவிடுகிறது. மோட்டார் ஓடும் மணிநேரம் குறையவே இல்லை.

மழை பொய்த்த ஆண்டில் ஒரு போகச் சோளக்காரர் நிலத்தைச் சும்மா போட்டுவிடலாம். தென்னைக்காரருக்கு அந்த வசதி இல்லை. நூறு மரம் வைத்த அன்றே, அடுத்த அறுபது ஆண்டுகளின் ஒவ்வொரு கோடைக்கும் தண்ணீர் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். மழைக் குறைவு வானத்தின் வேலைதான். அதைத் தாங்க முடியாத பயிர்த்திட்டம் நம் வேலை. 2016 வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் கொங்கு நாட்டில் மட்டை தொங்கிக் காய்ந்த தென்னந்தோப்புகள் பலவற்றில் டியூப் நன்றாகவே இருந்தது. உள்ளே விடத்தான் ஒன்றுமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்கு மாவட்டங்களில் தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, சொட்டுநீரில், பிப்ரவரி முதல் மே வரை மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர். ஜனவரி, ஆகஸ்ட், செப்டம்பரில் 55. மற்ற மாதங்களில் 45. கூட்டினால் மரத்துக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 19,700 லிட்டர். ஏக்கருக்கு 70 மரம் என்றால் சுமார் 13.8 லட்சம் லிட்டர். நிலத்தின்மேல் பரப்பினால் 340 மி.மீ. உயரம். இனி வரவு. திருப்பூர், கோவைச் சமவெளியில் ஆண்டு மழை 650 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நம் அடியில் இருப்பது சிதைந்த கிரானைட், நைஸ் பாறை. அதில் மழையில் 8 முதல் 11 சதவீதம் கீழே இறங்கும் என்பது அதே கணக்கெடுப்பு முறையின் அளவு. பத்து என்று எடுத்தால் 65 மி.மீ. அதாவது ஒரு ஏக்கர் தென்னை, எந்தப் பழுதும் இல்லாத டியூபில் பாய்ச்சினாலும், ஐந்து ஏக்கரில் பெய்த மழையின் வரவைத் தின்கிறது. மழை நாளில் வால்வை மூடினால் நான்கு ஏக்கர் என்று குறைத்துக்கொள்ளலாம். ஊரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தென்னை ஏறிவிட்டால், எத்தனை அடி போர் போட்டாலும் வரவு இல்லாத கணக்கிலிருந்துதான் எடுக்கிறோம்.

நம் மாநிலத்தில் முக்கால் பங்கு நிலம் இப்படிக் கடினப் பாறை. ஆயிரம் அடியில் கிடைப்பது பாறை வெடிப்பில் தேங்கியது. அங்கே ஏரி எதுவும் இல்லை. 2017 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு, பிர்கா) 462 வரவைவிட அதிகமாக எடுப்பவை. எடுப்பதற்கு வரம்பு கட்டும் ஏற்பாடும் நிற்கவில்லை: 2003இல் கொண்டுவந்த தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013இல் ரத்தானது. விவசாய மின்சாரம் இலவசம். இந்த நிலைமையில் ஆட்டோ ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டிவிட்டால், மும்முனை கரண்ட் வருகிற நேரமெல்லாம் மோட்டார் ஓடும், செடிக்கு வேண்டுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மேலே கணக்குப் போட்ட 4 லிட்டர் டிரிப்பர் தோட்டத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 4.3 மி.மீ. தண்ணீர் விழும். நல்ல கோடையில் நாள் தேவை 6 மி.மீ. என்றால் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் போதும். கரண்ட் இருக்கிறது என்று நான்கு மணி நேரம் ஓட்டுபவர் கிட்டத்தட்ட மூன்று நாள் தண்ணீரை ஒரே நாளில் விடுகிறார். அதில் வேருக்குக் கீழே போவது உரத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது.

போர்த் தண்ணீரைச் சேமிக்க பிளாஸ்டிக் தாள் விரித்துப் பண்ணைக்குட்டை வெட்டுவது இன்னொரு பழக்கம். 30 மீட்டருக்கு 30 மீட்டர் குட்டையில் கோடையில் நாளைக்கு 6 மி.மீ. ஆவியானால் 5,400 லிட்டர் காற்றோடு போகிறது. ஒரு ஏக்கர் தென்னையின் கோடைத் தேவை 4,550 லிட்டர். மழைநீர் வழிந்து வந்து நிறையும் குட்டை வேறு. நிலத்துக்கடியில் வெயில் படாமல் கிடந்ததை மேலே கொண்டுவந்து காயவிடும் குட்டை வேறு.

வறட்சி வந்துவிட்டால் செட்டை எப்படி ஓட்டுவது

இங்கேதான் சொட்டுநீர் தன் பெயரைக் காப்பாற்றுகிறது. வாய்க்காலில் பற்றாக்குறையைப் பங்கிட முடியாது, டியூபில் முடியும். தென்னைக்கான அதே பல்கலைக்கழகப் பரிந்துரையில் பற்றாக்குறைக்கும் அளவு உண்டு: பிப்ரவரி முதல் மே வரை, நடுத்தரப் பற்றாக்குறை என்றால் மரத்துக்கு 45 லிட்டர், கடுமை என்றால் 22. மரத்துக்கு 8 லிட்டர் டிரிப்பர் நான்கு இருந்தால் மணிக்கு 32 லிட்டர்; முழு அளவுக்கு இரண்டு மணி நேரம், கடும் வறட்சி அளவுக்கு 40 நிமிடம். காய் குறையும், மரம் நிற்கும். இந்த அளவை பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டும். மே வரை முழுசாக விட்டு, போர் கையை விரித்த பிறகு 22 லிட்டர் என்று பேசிப் பயனில்லை.

மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நாலு பக்கமும் 30 செ.மீ. நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, 40 செ.மீ. பிவிசி பைப் துண்டைச் சாய்த்து வைத்து, அதற்குள் டிரிப்பரை விட்டு, குழியைத் தென்னை நார்க்கழிவால் மூடுங்கள். தண்ணீர் ஓரடி ஆழத்தில் சொட்டும்; மேல்மண் காய்ந்தே இருக்கும். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் நார்க்கழிவு 10 செ.மீ. உயரம், அல்லது காய்ந்த மட்டை பதினைந்து, அல்லது உரிமட்டை நூறு, மேடான பக்கம் மேலே இருக்கும்படி. மட்டையைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டுத் தண்ணீர் லாரி பிடிப்பது கணக்குக்கு ஒத்துவராது.

உப்பு இன்னொரு தலைவலி. சொட்டுநீர் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில் உப்பு வெள்ளையாகச் சேரும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் சிறுதூறல் அந்த உப்பைக் கரைத்து வேருக்குள் இறக்கும். தூறல் விழுகிறதே என்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். அன்று கட்டாயம் ஓட்டுங்கள். நல்ல கனமழை வந்து கழுவிய பிறகு நிறுத்தலாம்.

மானியச் சேவை

மஞ்சள், வாழை, காய்கறிக்குத் தோட்டக்கலைத் துறை; தென்னை, பருத்தி, நிலக்கடலைக்கு வேளாண்மைத் துறை. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று. முழு மானியம் ஐந்து ஏக்கர் வரை. 75 சதவீதம் 12.5 ஏக்கர் வரை. ஒருமுறை வாங்கிய நிலத்துக்கு ஏழு ஆண்டு கழித்துத்தான் மறுபடி. ஆவண வேலையைப் பெரும்பாலும் கம்பெனி ஆளே முடித்துக் கொடுத்துவிடுகிறார், அதற்கு நல்ல மார்க் கொடுக்கலாம். விரித்த பிறகு வருவதில்தான் சுணக்கம். விற்பனைக்குப் பின் சேவை எத்தனை ஆண்டு, எத்தனை முறை வர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கையெழுத்தையும், மேலே சொன்ன பதினாறு டிரிப்பர் சோதனையைக் கம்பெனி ஆளை வைத்துக்கொண்டே செய்துவிட்டுப் போடுங்கள். அரை மணி நேர வேலை.

திட்டத்தில் ஒரு முரண். சொட்டுநீர் போடுபவருக்குத் துணை மானியமாக போர் போடவும் உதவி உண்டு, பாதுகாப்பான குறுவட்டங்களில் மட்டும். கட்டுப்பாடு வைத்தது சரி. ஆனால் தண்ணீரைக் குறைக்கத் தருகிற திட்டத்திலேயே தண்ணீர் எடுக்கும் கருவியும் வருகிறது, எடுத்ததை அளக்கும் மீட்டர் வருவதில்லை. எடுப்பு வரவில் 70 சதவீதத்தைத் தாண்டாத குறுவட்டமே 'பாதுகாப்பானது'. பத்து ஆண்டு இதே வேகத்தில் போர் போட்டால் அந்தப் பட்டியலில் எத்தனை நிற்கும் என்று தெரியவில்லை.

வாங்கலாமா என்றால், ஏற்கெனவே வாய்க்காலில் பாய்ச்சும் நிலத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கூலி, களை, உரம் மூன்றிலும் லாபம். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் நிரம்பும் குளத்தை ஒட்டிய கிணறு, தடுப்பணைக்குக் கீழே உள்ள கிணறு என்று வரவு தெரிகிற இடமானால் இன்னும் நல்லது. கூடவே கைக்காசில் ஒரு தண்ணீர் மீட்டரை மெயினில் மாட்டுங்கள், ஆட்டோ ஸ்டார்ட்டருக்குப் பதில் டைமரும், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதை நிறுத்தும் டிரை ரன் தடுப்பானும் வையுங்கள். மேயில் மணிக்கு 5,000 லிட்டருக்குக் கீழே இறங்கிவிடும் போரை நம்பி, இதுவரை தண்ணீரே பாயாத மானாவாரிக் காட்டில் தென்னை வைப்பதற்காக விண்ணப்பம் போடுவதாக இருந்தால், வேண்டாம். அந்தச் செட் இலவசம்தான். ஏழாவது ஆண்டில் போடப்போகும் ஆயிரத்து இருநூறு அடி போருக்கு மானியம் கிடையாது.